வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றியவர்

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஆவணி கடைசி. புஞ்சையை உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது புரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். பஸ்ஸில் ஏறினால் வீட்டைப் பூட்டினேனா என்று பயம், இறங்கினால் பையை விட்டுவிட்டேனா என்று பயம். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள், "எம்மா, ஒண்ணுமில்ல, சும்மா பேசத்தான் போட்டேன்" என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அதிகம் பேச மாட்டார். ஒன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் படுகிற பயத்துக்கெல்லாம் சேர்த்து அவர் ஒருவரே தைரியமாக இருந்தார்.

எங்களுக்கு இருந்தது கரிசல் புஞ்சை, ஒரே துண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுவோம். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதன் மூலையில் ஒரு வேப்பமரம். எங்கள் முதல் பிள்ளை பிறந்து கண்ணைத் திறந்து பார்த்ததோடு சரி. பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. சொந்தப் புஞ்சையில் மண்ணுக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டார் இவர். அன்றிலிருந்து அந்த மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் உழுவதில்லை. மாட்டு ஏர் இருந்தபோதும் சரி, டிராக்டர் வந்த பிறகும் சரி. புது டிராக்டர்காரர் வந்தால் இவர் முதலில் அந்த இடத்தைத்தான் காட்டுவார். காரணம் சொல்ல மாட்டார். "அங்க மட்டும் சுத்திப் போயிரப்பா" என்பார். அவ்வளவுதான். எங்களுக்குள்ளும் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் சோலார் கம்பெனிக்கு நிலம் சேர்க்க ஆரம்பித்தார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டார்கள். குறை சொல்ல முடியாது. மழையும் இல்லை, வேலைக்கு ஆளும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். எங்கள் துண்டு மட்டும் நடுவில் நின்றது. வந்த புரோக்கர்கள் எல்லோரும் விலையைத்தான் ஏற்றினார்கள். இவர், "குடுக்கிற மாதிரி இல்லப்பா. மோரு குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று அனுப்பிவிடுவார். "நான் கண்ணை மூடுற வரைக்கும் அந்த மரம் நிக்கும்" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் வந்தவர்தான் அந்த காரியாபட்டிப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். குரல் ரொம்பத் தணிவு. முதல் நாள் வந்தபோது இவர் வீட்டில் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாசல் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"வெயிலு இன்னும் தணியலை மதினி. உள்ள ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது. நீங்க கதவுல சாஞ்சு நிக்கீக. மூச்சு சீரா வருது. காலையிலருந்து வேலை பாத்த ஒடம்பு, கொஞ்சம் ஓய்வு கேக்கும்..."

ஃபேன் என்றதும் அது ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, கழன்று விழுந்துவிடுமோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். மூச்சு என்றதும் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஓய்வு என்றதும் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து, அவர் பேச்சின் நடுவிலேயே ஓடினேன். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மனசு ஒரு எடத்துல நிக்காது போலயே மதினி."

"நின்னா வீட்டு வேலை ஓடுமா?" என்றேன்.

"அண்ணன் எப்பிடி?"

"அவுக மனசு நின்ன எடத்துலயே நிக்கும்" என்றேன், பெருமையாக.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'அப்பச் சரி'க்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எதை எதையோ நினைத்துப் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புஞ்சைக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். இவர் வரப்போரம் முளைத்திருந்த வேலிக்கருவை முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் அந்த ஆள் உழவுக் கட்டிகளுக்கு நடுவே நடந்து வந்தார். எங்களிடம் வருகிற நேர்வழி வேப்பமரத்தடி வழியாகத்தான். உழாத வட்டத்தின் ஓரத்துக்கு வந்ததும் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வட்டத்துக்குள் கால் வைக்காமல், அந்தக் கொதிக்கிற கரிசல் மண்ணில் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்தைப் பற்றியும் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

இவர் கையில் அரிவாள் நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றியவர் யாருமில்லை.

"விவரமான ஆளு" என்றார் சாயங்காலம். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. ஊரில் யாரோ அந்த ஆளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் எனக்கும் அன்று கண் கலங்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். நான் அடுப்படிக் கதவு பக்கத்தில் இருந்து பார்ப்பேன். இவர் துண்டை முழங்காலில் போட்டு உட்கார்ந்தால் அவரும் அப்படியே உட்காருவார். இவர் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். இவர் ஒரு வார்த்தை சொன்னால், கொஞ்சம் பொறுத்து, அதே இழுவையில் அவரும் ஒரு வார்த்தை. கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தது. யாருக்கும் 'ஆமா' போடாத மனுஷன் அந்த ஆள் சொல்வதற்கெல்லாம் ஆமா போட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் வந்தார். அன்று நடந்த பேச்சு எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"மழை இன்னும் எறங்கலைண்ணே."

"ஆமா."

"போன வருசம் பன்னி வந்து சோளத்தைப் பூராம் சாச்சிட்டுப் போச்சு."

"ஆமாப்பா."

"காவலுக்குக் கெடந்து கெடந்து ஒங்க முதுகு போச்சு. இன்னும் வலிக்கி."

"ஆமா."

"ஒங்களுக்கப்புறம் அந்த மரத்தைச் சுத்திப் போங்கடான்னு சொல்ல ஆரு இருக்கா?"

இவர் புஞ்சை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளும் அவசரப்படவில்லை. இன்னும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அந்த எடம் அப்பிடியே இருக்கும்ணே. சுத்தி வேலி வந்துரும். ஆடு வராது. ஏரு வராது. அது பாட்டுக்கு ஒறங்கும். நீங்களும் ஒறங்குவீக. இப்பவே ஒங்க தோளு எறங்குது. மூச்சு ஆழமா வருது. எம்மனசுக்கு நிம்மதியா இருக்குன்னு ஒங்களுக்கே தோணும்... ஐப்பசியில முடிச்சுக்கிடுவமா, கார்த்திகையில வச்சுக்கிடுவமா, அது மட்டும் ஒங்க இஷ்டம்..."

இதைச் சொல்லிக்கொண்டே, பேச்சு நிற்காமலே, மஞ்சள் பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்குகிற மாதிரி இவர் கை தானாக எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டது.

"ஐப்பசி" என்றார்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வரை எதுவும் முடிவில்லை என்பார்கள். எங்கள் பக்கம் நிலமோ மாடோ பொண்ணோ, வெற்றிலை கை மாறிவிட்டால் வாக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகு மறுத்தவனுக்கு ஊரில் யாரும் வெற்றிலை கொடுக்க மாட்டார்கள். இவரே ஒரு தடவை உழவு மாட்டுக்கு வெற்றிலை வாங்கிவிட்டு, மறுநாள் கூடுதல் விலைக்குக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியவர். அது அந்த ஆளுக்கும் தெரியாமலா இருக்கும்?

"ஏங்க!" என்று கத்திக்கொண்டு நான் வெளியே வந்தேன். வந்து என்ன செய்ய? தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எம்மனசுக்கு நிம்மதியா இருக்கு புள்ள."

வார்த்தை மட்டுமில்லை, குரலும் அந்த ஆளுடைய குரலாக இருந்தது.

மறுநாளே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். என் தங்கச்சி அங்கே ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து வைத்துவிட்டானா, மந்திரம் போட்டுவிட்டானா என்று அழுதேன். முதலில் சிரித்தாள். பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்லக்கா. எங்களுக்கே டிரெய்னிங்னு சொல்லி கோட்டுப் போட்ட ஒருத்தரு வந்து இதெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. வந்தவுக எப்பிடி நிக்காகளோ அப்பிடி நிக்கணும். எப்பிடிப் பேசுறாகளோ அப்பிடிப் பேசணும். இல்லைன்னு சொல்ல முடியாத விசயமாச் சொல்லிக்கிட்டே வந்து, அதே மூச்சுல நம்ம விசயத்தையும் சேத்து விட்றணும். 'எடுக்கீகளா'ன்னு கேக்கவே கூடாது. 'பச்சையா, அரக்கா'ன்னுதான் கேக்கணும். பேசிக்கிட்டு இருக்கையிலயே சேலையைக் கையில குடுத்துரணும்."

"இதுக்குப் பேரு என்னடி?"

"ஹிப்னாடிசம் மாதிரின்னாரு. முழிச்சிருக்கையிலயே ஒறங்க வைக்கிறது."

"நீயும் இதைச் செய்யிறியா?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "கல்யாணத்துக்கு எடுக்க வாரவுககிட்டச் செய்வேன். எழவு வீட்டுக்கு எடுக்க வாரவுககிட்டச் செய்ய மாட்டேன்" என்றாள். "அந்த ஆளு எழவு வீட்டுலயே செஞ்சிருக்கான். நீ ஒண்ணு பண்ணு. மச்சான்கிட்ட நீயும் இதே மாதிரிப் பேசு. அவன் போட்ட முடிச்சை நீ அவுத்து விடு. நான் சொல்லித் தாரேன்."

சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஆட்டிடம் பேசிப் பார்த்தேன். அது பாட்டுக்குத் தழையைத் தின்றுகொண்டு இருந்தது. இதெல்லாம் எனக்கு வராது என்றுதான் நினைத்தேன்.

பத்திரத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு சாயங்காலம் இவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். போகப்போகிற நிலத்துக்கு எதற்குக் காம்பு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மாதிரியே காலை மடக்கிக்கொண்டேன். அவர் மூச்சு விடுகிறபோது நானும் விட்டேன்.

"வெயிலு எறங்கிருச்சு."

"ம்."

"காத்து வருது."

"ஆமா."

"கெழக்க எங்கயோ மழை. மண்ணு வாசம் அடிக்குது."

"ஆமா."

"ஒங்க கையில காம்பு இருக்கு. காம்பு வழுவழுன்னு வருது. இந்தக் கை மண்ணு வெட்டின கை. மண்ணை விட்டு இந்தக் கைக்கு இருக்க முடியாது. அது ஒங்க மனசுக்கே தெரியுது..."

செதுக்குகிற கத்தி நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் தளர்ந்து போயிருந்தது. கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார்.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'வெத்தலையைத் திருப்பிக் குடுக்கப் போறது நாளைக்கா, நாளன்னைக்கா?' நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நடந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வெற்றிலை வாங்கிய அன்றைக்கு மட்டுமில்லை. அதற்கும் வெகு காலத்துக்கு முன்னால், பச்சை உடம்போடு நானும் போய் நின்ற அந்தப் புஞ்சை மூலையில் குழிக்குப் பக்கத்தில், "குடுப்பா, நேரமாச்சு" என்று யாரோ கை நீட்டியபோது, இதே முகத்தோடுதான் கையில் இருந்த பிள்ளையைக் கொடுத்தார். அப்போதும் அவர் அவராக இல்லை. யார் என்ன சொன்னாலும் செய்திருப்பார்.

"அடுப்புல பாலு" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. அவர் திடுக்கிட்டு, கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, என் சொந்தக் குரலில், அழுதுகொண்டே சொன்னேன். "எனக்குப் பிடிக்கலைங்க. குடுக்க வேணாங்க."

"வெத்தலை வாங்கியாச்சு புள்ள" என்றார். அந்தக் குரல் அவர் குரல்.

ஐப்பசியில் பத்திரம் முடிந்தது. அதே வாரம் நல்ல மழை. ஊரில் மிச்சமிருந்த புஞ்சைகளில் விதைப்பு நடந்தபோது இவர் கொட்டகையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலி வந்தது, கம்பிக்கால் வந்தது, பேனல் வந்தது. மரத்தை முதலில் விட்டுத்தான் வைத்தார்கள். பிறகு அதன் நிழல் பேனல் மேல் விழுகிறது என்று ஒரு நாள் வெட்டிவிட்டார்கள். வேர் இருந்த இடத்திலும் ஒரு கம்பிக்காலை ஊன்றினார்கள். இவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு தடவை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்த ஆளைப் பார்த்தேன். அவராகவே வந்து, "மதினி, அண்ணன் நல்லா இருக்காகளா?" என்றார். மரத்தைப் பற்றிக் கேட்டேன். "அது கம்பெனிக்காரவுக முடிவு மதினி, எனக்கே மனசு கேக்கலை" என்றார். நான் கேட்க நினைத்தது அது இல்லை. பயந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குச் செருப்பைக் கழட்டுனீகளே, அது நெசமா, நடிப்பா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

"நெசந்தான் மதினி. நெசமாக் கழட்டலைன்னா அண்ணனுக்குத் தெரிஞ்சு போயிருக்கும்ல."

சொல்லிவிட்டு காரியாபட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். பொய் என்று சொல்லியிருந்தால் எனக்குத் திட்டவாவது முடிந்திருக்கும்.

என் வீட்டுக்காரருக்குச் சும்மா உட்கார முடியவில்லை. இப்போது அந்தச் சோலார் வேலிக்குள்ளேயே பேனல் கழுவுகிற வேலைக்குப் போகிறார். தண்ணீர்க் குழாயும் நீளத் துடைப்பானும் கையில். பாம்பு கிடக்கும் என்று பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வரிசைக்கு மட்டும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே நிற்கிற ஒரு கம்பிக்காலைச் சுற்றிக்கொண்டு போகிறாராம். சூப்பர்வைசர் எத்தனையோ தடவை சத்தம் போட்டும் கேட்கவில்லை என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கு நான் பால் என்று சொல்லி எழுந்து போனது சரியா தப்பா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மரம் நின்றிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரி என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், அவராகச் சொல்கிறாரா, நான் சொல்ல வைத்தேனா என்று பயந்துகொண்டே இருந்திருப்பேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை, வேறு ஆள் பேரில் இருக்கிறது. வேலை முடிந்து வருகிறவரிடம் சாயங்காலம் காபியைக் கொடுத்து, "எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்பேன். "எம்மனசுக்கு நிம்மதியா இருக்கு புள்ள" என்பார், அதே தணிந்த குரலில். அந்த வார்த்தையில் அவர் எவ்வளவு இருக்கிறார், அந்த ஆள் எவ்வளவு இருக்கிறார் என்பது, இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கே தெரியாமல் போய்விட்டது.